மெதுவாகப் போகும் பாட்டெல்லாம் எளிய பாட்டா?

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியவர்கள் கரோக்கியில் பாடப் பாட்டுத் தேடும்போது முதலில் சொல்வது, "மெதுவான பாட்டாக இருந்தால் போதும்" என்பதுதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. திரையில் எழுத்து ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓட வேண்டும், கண் ஓடுகிற வேகத்துக்கு நாக்கு புரள வேண்டும். பழகாத மொழியில் இரண்டும் சேர்ந்து நடப்பது சிரமம். ஆனால் மெதுவாகப் போவதாலேயே ஒரு பாட்டு பாடுவதற்கு எளிதாகிவிடாது. ஜப்பானியப் பாடல்களில் மிக மெதுவாக நடப்பவை சிலவே தொண்டையை மிக அதிகமாகச் சோதிப்பவை. நடைபோடும் வேகத்தில் போகிற சில பாட்டுகளோ புதிதாகப் பாடுகிறவரையும் கைவிடாமல் கூட்டிக்கொண்டு போகும். பாட்டு எவ்வளவு உயரம் ஏறி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் பாட வேண்டியிருக்கிறது, ஓர் எழுத்துக்கு ஒரு சுரம் என்ற ஒழுங்கில் மெட்டு அமைந்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துத்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தருமபுரி மாவட்டத்து வாசகர்களுக்கு ஜப்பான் தொலைதூரத்துச் செய்தி அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தனியாகப் பிரியும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஓசூரில்தான் 1980-களில் டிவிஎஸ்ஸும் சுஸுகியும் கூட்டாக மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கின. சாமுராய், ஷோகன் என்ற ஜப்பானியப் பெயர்கள் பென்னாகரம் சாலையிலும் அரூர் சாலையிலும் வண்டியின் பெயர்களாகவே பழகிப்போயின. 2001-ல் அந்தக் கூட்டு முடிந்தது. பிறகு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோவதற்காக, ஜப்பானிய அரசின் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் போடப்பட்ட திட்டம் அது. 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. இப்போது போக்குவரத்து மறுதிசையிலும் நடக்கிறது. தொழில் பயிற்சிக்கு இளைஞர்களை அனுப்ப 2017 அக்டோபரிலும், திறன்பெற்ற பணியாளர்களை அனுப்ப 2021 ஜனவரியிலும் இந்தியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதியோர் பராமரிப்பு, தொழிற்சாலை, கட்டுமானம் என்று பல துறைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. போக நினைக்கிறவர்களில் பலர் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதியாக வேண்டும். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு தேர்வும் அங்கே காத்திருக்கிறது. வேலை முடிந்து உடன் வேலை செய்கிறவர்களோடு ஒரு சிறிய அறைக்குள் உட்காரும்போது மைக் கைமாறி வரும்.

அந்த அறையைப் புரிந்துகொள்வது முக்கியம். நம் ஊரில் கரோக்கி என்றால் கல்யாண வரவேற்பு மேடை. ட்ராக்கைப் போட்டுவிட்டு, முந்நூறு பேர் முன்னால், நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவர் பாடுவார். ஜப்பானில் பெரும்பாலும் மேடை கிடையாது. மணிக்கணக்குக்கு வாடகை பேசிய அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் பாட மற்றவர்கள் கை தட்டிக்கொண்டே அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அங்கே நன்றாகப் பாடுவதைவிட, எடுத்த பாட்டை முடிப்பதும் மற்றவர்கள் கூடச் சேர்ந்து பாட இடம் கொடுப்பதும் பெரிது. ஆகவே நம் தேர்வுக்கு அளவுகோலும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

அந்த அறையில் இருக்கிற இயந்திரமே வேகத்தைப் பற்றிய கவலையில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. டாம், ஜாய்சவுண்ட் என்ற இரண்டு பெரிய வகை இயந்திரங்களிலும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. சுருதியையும் அரை அரைச் சுரமாக ஏற்றி இறக்கலாம். ஆனால் ஒரு பாட்டின் வீச்சைச் சுருக்க எந்தப் பொத்தானும் இல்லை. கீழே மந்திரத்தில் தொடங்கி மேலே தார ஸ்தாயிக்குப் போகிற பாட்டைச் சுருதி இறக்கிப் பாடினால், மேல் சுரம் எட்டும்போது கீழ்ச் சுரம் காணாமல் போகும். ஏற்றிப் பாடினால் அடி சுரம் வரும், உச்சியில் குரல் உடையும். மூச்சும் அப்படித்தான். நீளமான ஒரு வரியின் வேகத்தைக் குறைத்தால் அதே வரிக்கு இன்னும் அதிக மூச்சு வேண்டும். அதாவது, மெதுவாக்குவது சில பாட்டுகளை இன்னும் கடினமாக்கிவிடும். பொத்தானால் சரிசெய்யக்கூடிய ஒன்றை வைத்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சரிசெய்யவே முடியாத இரண்டைக் கவனிக்காமல் விடுவது தவறு.

இதற்கு ஓர் உதாரணம் 'அகதொம்போ'. செந்தும்பியைப் பற்றிய பாட்டு. மிகி ரோஃபூ 1921-ல் எழுதிய கவிதைக்கு யமதா கோசாகு 1927-ல் மெட்டமைத்தார். யாரோ ஒருத்தியின் முதுகில் சுமக்கப்பட்ட காலத்தை, அந்தி வானத்தில் பறந்த தும்பியை வைத்து, வளர்ந்துவிட்ட ஒருவர் குழந்தைப் பருவ நினைவாகத் திரும்பிப் பார்க்கிறார். ஜப்பானில் இதை அறியாதவர் அரிது. பாட்டு மிக மெதுவானது, மிகச் சிறியது, சொற்களும் குறைவு. 'எளிய பாட்டு' என்று யார் பட்டியல் போட்டாலும் இது முன்னால் வந்து நிற்கும். ஆனால் மெட்டைப் பாருங்கள்: மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்தில் தொடங்கி, முதல் அடி முடிவதற்குள் தார ஷட்ஜத்தைத் தொட்டுவிடுகிறது. ஒரு முழு ஸ்தாயி, அதற்கு மேலும் ஒரு ஷட்ஜ மத்திம தூரம். பயிற்சியில்லாத குரல் வசதியாகப் புழங்கக்கூடிய எல்லைக்குச் சற்று வெளியே அது போய்விடுகிறது. கேட்கும்போது தாலாட்டு மாதிரி இருக்கிற பாட்டு, பாட எடுத்தவுடன் மூச்சையும் சுருதியையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. மெதுவாகப் போவதால் பிசகுவதை மறைக்கவும் இடமில்லை. வேகமான பாட்டில் சுரம் கொஞ்சம் விலகினால் அடுத்த சொல் வந்து மூடிவிடும். மெதுவான பாட்டில் ஒவ்வொரு சுரமும் தனியாக நின்று காதில் விழும்.

என்கா என்ற பாட்டு வகைக்கு இது இன்னும் பொருந்தும். பிரிவு, குடிப்பழக்கம், குளிர்காலத் துறைமுகம், சொந்த ஊரின் ஏக்கம் என்று உருகுகிற பாட்டுகள் அவை. மூத்த ஊழியர்களுக்குப் பிடித்தவை, மெதுவானவை. அதனாலேயே வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பாடினால் மூத்தவர்கள் மகிழ்வார்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். இஷிகவா சயுரி 1977-ல் பாடிய 'ட்ஸுகரு கைக்யோ ஃபுயுகெஷிகி' அப்படிப் புகழ்பெற்ற ஒன்று. என்காவின் உயிர் 'கொபுஷி' என்ற அசைவில் இருக்கிறது. ஒரு உயிரெழுத்தை இழுக்கும்போது நடுவில் சட்டென்று சுரத்தைச் சுழற்றி எடுப்பது. கமகத்தில் ஊறிய தமிழ்க் காதுக்கு இது உடனே பிடித்துவிடும், நமக்கும் வரும் என்ற நம்பிக்கையும் வரும். ஆனால் நம் கமகம் சுரத்தைத் தாலாட்டுகிறது. கொபுஷி ஒரு நொடியில் திரும்பி நேராகி நின்றுவிடுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பாட்டு மாறிப் போகும். கொபுஷியை விட்டுவிட்டு நேர்ச் சுரத்தில் பாடினாலோ பாட்டில் எலும்பு மட்டுமே மிஞ்சும். மிசோரா ஹிபாரி 1989 ஜனவரியில் வெளியிட்ட 'கவா நோ நகரே நோ யோ நி' இந்த வகையில் ஓரளவு அணுகத்தக்கது. வாழ்க்கையை ஆற்றின் ஓட்டமாகப் பார்க்கிற பாட்டு. அதே ஆண்டு ஜூனில் அவர் காலமானார், அதனால் ஜப்பானியர்களுக்கு அந்தப் பாட்டின் மேல் தனிப் பற்று. ஆனாலும் அது தணிந்து தொடங்கிப் பின்பகுதியில் நன்றாக ஏறுகிற பாட்டு. முதல் பாட்டாக அதை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, எது எளிது? இங்கே தமிழர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பலர் உணர்வதில்லை. ஜப்பானிய மொழி மாத்திரைக் கணக்கில் நடக்கிற மொழி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கும் இந்த அலகில்தான். 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. நடுவில் இருக்கிற உயிரின் நீளம் ஒன்றே வேறுபாடு. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. கல்லும் காலும் வேறு என்று பிறந்ததிலிருந்து தெரிந்த நமக்கு இதில் சொல்லிக்கொடுக்கவே எதுவும் இல்லை. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. 'கிதே' என்றால் வந்து, 'கித்தே' என்றால் தபால்தலை. பாடு, பாட்டு என்று பழகிய நாக்குக்கு இது இயல்பு. ஜப்பானிய உயிரெழுத்துகள் ஐந்தே ஐந்து, அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ. நம் நெடுங்கணக்கில் நெடில்களை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற அதே வரிசை. அவர்களுடைய அகரவரிசை சமஸ்கிருத எழுத்து ஒழுங்கைப் பௌத்தத் துறவிகள் வழியாகப் பெற்றது என்பதால் இந்த ஒற்றுமை வந்திருக்கிறது.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஒரு குழி இருக்கிறது. தொல்காப்பியக் கணக்கில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் 'ன்' ஒலிக்கு முழு மாத்திரை. செய்தித்தாளுக்கு ஜப்பானியத்தில் 'ஷின்புன்' என்று பெயர். நம் யாப்பில் அது நேர், நேர் என இரண்டு அசை, தேமா. ஜப்பானியக் காதில் அது ஷி, ன், பு, ன் என்று நான்கு. பேசும்போது இது பெரிதாகத் தெரியாது. பாடும்போது தெரியும். மெட்டமைத்தவர் பல இடங்களில் அந்த 'ன்' ஒலிக்கும் ஒரு தனிச் சுரம் கொடுத்திருப்பார். நாம் அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிப் பாடிவிட்டு ஒரு சுரம் முன்னால் போய் நிற்போம், ட்ராக் பின்னால் வரும். இரட்டிக்கும் ஒற்றும் அவர்களுக்கு ஒரு முழு மாத்திரைதான், ஆனால் ஒலியில்லாத மாத்திரை. அங்கே குரல் ஒரு கணம் நிற்க வேண்டும். தமிழர்கள் ஜப்பானியப் பாட்டில் தாளம் விடுவதற்கு வேகத்தைவிட இந்த ஒற்றுக் கணக்கே பெரிய காரணம் என்பது என் துணிபு. ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓர் எழுத்துக்கு ஒரு சுரம் என்று நேராக வைத்த மெட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். எழுத்துகளை நெருக்கித் திணிக்கிற இன்றைய பாட்டுகளில் ஒற்று ஓடி ஒளிந்துகொள்ளும். பழைய பள்ளிப் பாட்டுகளில் அது கண்ணுக்கு எதிரே நிற்கும்.

இரண்டாவது வசதி ராகம். மேற்கத்திய இசை ஜப்பானுக்குள் வந்த மெய்ஜி காலத்துக்குப் பிறகு, நாலாவது சுரத்தையும் ஏழாவது சுரத்தையும் விட்டுவிட்டு மெட்டமைக்கிற வழக்கம் அங்கே பரவியது. மத்திமமும் நிஷாதமும் போனால் மிஞ்சுவது ச ரி க ப த. நமக்கு அது மோகனம். 'அகதொம்போ' முழுவதும் இந்த ஐந்து சுரங்கள்தான். நின்னுக்கோரி வர்ணத்தை வகுப்பில் பாடியவர்களுக்கும், அதை 'அக்னி நட்சத்திர'த்தில் இளையராஜா கையாண்டதைக் கேட்டவர்களுக்கும் இந்தப் பாதை காலில் பழகிய பாதை. இதன் சோக வடிவம் ஒன்றும் உண்டு, என்காவில் நிறைய வரும். நம் சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் அந்தச் சுர வரிசை கிடைக்கும். 'சகுரா சகுரா' என்ற பழைய பாட்டோ வேறு வகை. அதன் சுரங்களை கர்நாடக சுத்த சாவேரி என்று நம்மவர் அடையாளம் காண்பார்கள். மெட்டு பழகிய ராகத்தில் இருந்தால், நினைவில் வைக்க வேண்டியது சொற்கள் மட்டுமே. புதிய மொழியில் பாடுகிறவருக்குப் பாரம் பாதியாகக் குறைகிறது.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் முதலில் வந்து நிற்பது 'ஃபுருசாதோ', சொந்த ஊர். 1914-ல் ஆறாம் வகுப்புக்கான அரசுப் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. தகானோ தத்ஸுயுகி எழுத, ஒகானோ தெயிச்சி மெட்டமைத்தார். மூன்று எண்ணிக்கைத் தாளம், ஏறத்தாழ ஒரு ஸ்தாயி வீச்சு. ஒவ்வொரு அடியும் ஆறும் நாலுமாகப் பத்து எழுத்து, பெரும்பாலும் எழுத்துக்கு ஒரு சுரம். அடி முடிவில் மூச்செடுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. முயல் துரத்திய மலையையும் மீன் பிடித்த ஆற்றையும் நினைத்து, அம்மா அப்பா எப்படி இருக்கிறார்களோ என்று கவலைப்பட்டு, எண்ணியதை முடித்துவிட்டு ஒருநாள் ஊர் திரும்புவேன் என்று சொல்கிற பாட்டு. பாலக்கோட்டிலிருந்தோ பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தோ போய் ஒசாகாவில் வேலை பார்க்கிற ஒருவர் இதைப் பாடினால் பொருளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அடுத்து 'உஎ ஓ முய்தே அருகோ'. ஏய் ரோகுசுகே எழுதி, நகமுரா ஹச்சிதாய் மெட்டமைத்து, சகமோதோ கியூ 1961-ல் பாடியது. 1963-ல் அமெரிக்காவில் 'சுகியாகி' என்ற சம்பந்தமே இல்லாத உணவுப் பெயரோடு வெளியாகி, அங்குள்ள பட்டியலில் 3 வாரம் முதலிடத்தில் இருந்தது. கண்ணீர் விழாதபடி மேலே பார்த்தபடியே நடக்கிறான் ஒருவன். நடைபோடும் வேகம், மெதுவென்று சொல்ல முடியாது. ஆனால் வரிகள் சிறியவை, மெட்டின் பெரும்பகுதி அதே ஐந்து சுரங்களில் நடக்கிறது, வீச்சு ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும். சில எழுத்துகளைப் பாடகர் உடைத்து உடைத்து இழுப்பார். அதைக் காதால் கேட்டுப் பழக வேண்டும். சொல் மறந்தால் சீழ்க்கையடிக்கக்கூட மெட்டில் இடம் இருக்கிறது. மூல இசைத்தட்டிலேயே ஒரு பகுதி சீழ்க்கைதான். 1985 ஆகஸ்டில் நடந்த விமான விபத்தில் சகமோதோ இறந்தார் என்பதால், வயதானவர்கள் இதைக் கேட்கும்போது சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒகினாவாத் தீவின் கினா ஷோகிச்சி 1980-ல் தந்த 'ஹனா'வையும் சேர்க்க வேண்டும். பல ஆசிய மொழிகளில் பாடப்பட்ட பாட்டு, திரும்பத் திரும்ப வருகிற பல்லவியை அறையில் உள்ள எல்லாரும் கூடப் பாடுவார்கள். அதே தீவுக்கூட்டத்துப் பாடகி நட்ஸுகவா ரிமி 2001-ல் பாடிய 'நதா சோசோ' கேட்பதற்கு இதைவிட மென்மையானது, மெதுவானது. ஆனால் அதன் வரிகள் நீளமானவை, உச்சியில் மெல்லிய குரலுக்கு மாற வேண்டும். பட்டியல்களில் அது 'எளிது' என்று வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்னொரு பக்கம் 1988-ல் வந்த தொதோரோ படத்தின் தொடக்கப் பாட்டு 'சான்போ'. அணிவகுப்பு நடை, துள்ளலான வேகம். ஆனால் குட்டிக் குட்டி வரிகள், நேரான தாளம். வேகமாக இருந்தும் எளிதாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பள்ளிப் பாட்டையும் குழந்தைப் பாட்டையும் வளர்ந்தவர்கள் நடுவில் பாடினால் சிரிக்க மாட்டார்களா? 'சான்போ'வுக்குச் சிரிப்பு வரலாம், அது மகிழ்ச்சிச் சிரிப்பு, கூடச் சேர்ந்து பாடுகிற சிரிப்பு. 'ஃபுருசாதோ'வை யாரும் குழந்தைப் பாட்டாகக் கருதுவதில்லை. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில் அது பாடப்பட்டது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, ஊரையே இழந்தவர்கள் நடுவில் அது மீண்டும் மீண்டும் ஒலித்தது. பள்ளியில் கற்ற பாட்டு என்பதால்தான் அறையில் உள்ள எல்லாருக்கும் அது தெரியும். நாம் ஒரு சொல்லில் தடுமாறினால் நாலு குரல் வந்து தாங்கும்.

இளைஞர்கள் சொல்லும் மறுப்பு வேறு. நரூட்டோ, டீமன் ஸ்லேயர் போன்ற அனிமே தொடர்களைப் பார்த்துத்தான் ஜப்பானிய மொழிக்கே வந்தோம், எங்களை நூறு வருடப் பள்ளிப் பாட்டுக்குத் தள்ளாதீர்கள் என்கிறார்கள். அந்த ஆசை மதிக்கத்தக்கது. ஆசை இல்லாமல் எந்தப் பாட்டும் மனத்தில் ஏறாது. இகிமோனோகாகாரி குழுவின் 'ப்ளூ பேர்ட்' போன்ற ஒன்றை இரண்டாயிரம் முறை கேட்ட காது, அதன் சொற்களை அறியாமலேயே சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு உண்மையான பலம். ஆனால் லிசா பாடிய 'குரெங்கே', யோஅசோபியின் 'யோரு நி ககேரு' போன்றவை 2019 முதலான பாடல் பாணியின் உச்சங்கள். ஒரு நொடிக்குள் எழுத்துகள் குவிகின்றன, மெட்டு மேலும் கீழும் தாவுகிறது, மூச்செடுக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. இயந்திரத்தில் வேகத்தைக் குறைத்துப் பாடலாம் என்றால் பாட்டின் வேகமே அதன் அழகு, குறைத்தால் எதற்காகப் பிடித்ததோ அது போய்விடும். ஒற்றுக் கணக்கு பிடிபட்ட பிறகு இவற்றுக்கு வரட்டும். இரண்டு மூன்று பழைய பாட்டுகள் சரியாக வந்துவிட்டால் 'ப்ளூ பேர்ட்' எதிர்பார்த்ததைவிட விரைவில் வரும்.

பொருள் தெரியாமல் ஒரு மொழியில் பாடலாமா என்பது கனமான கேள்வி, தமிழ்நாட்டுக்கு அது புதிதும் அல்ல. 1941-ல் அண்ணாமலை செட்டியார் தொடங்கி வைத்து, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக நிலைத்த இயக்கம் கேட்டதே அதைத்தான்: பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் புரியாத தெலுங்கில் ஏன் பாடிக்கொண்டிருக்க வேண்டும்? அந்தக் கேள்வியின் நியாயம் இன்றும் குறையவில்லை. ஆனால் கரோக்கி அறையில் நிலைமை தலைகீழ். கேட்கிறவர்களுக்கு அது தாய்மொழி. பாடுகிறவர் மட்டும் விருந்தாளி. பொருள் தெரியாமல் பாடினால் குறை பாடுகிறவருக்குத்தான், அதையும் ஒரு மாலையில் தீர்த்துக்கொள்ளலாம். வேற்று மொழியிலிருந்து வந்து தமிழில் பாடியவர்களை நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம் என்பதையும் பார்க்க வேண்டும். பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், கே.ஜே. யேசுதாஸ் மலையாளி. வரியின் பொருளைக் கேட்டறிந்து, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு பாடினார்கள். பாட்டின் பொருளைக் கேட்டறிவதற்கு ஒதுக்கும் நேரம் வீணல்ல. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது பொருள் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

எழுத்துப் பிரச்சினையும் இங்கேதான் வருகிறது. பாட்டைத் தமிழில் எழுதி வைத்துப் பாடலாமே என்று தோன்றும். மாத்திரைக்குத் தமிழெழுத்து அருமையாகப் பொருந்தும். வல்லினத்தின் அழுத்தத்தையும் மென்மையையும் பிரித்துக் காட்டுவதில் அது கைவிட்டுவிடும். செந்நிறத்துக்கு ஜப்பானியச் சொல் 'அக'. அதில் வருகிற 'க' தமிழில் 'கடல்' என்பதன் முதல் ஒலிபோல் அழுத்தமானது. ஆனால் சொல்லின் நடுவில் தனியாக நிற்கிற ககரத்தை நாம் 'அகம்' என்பதுபோல் மென்மையாகத்தான் படிப்போம். அழுத்தத்துக்காக 'அக்க' என்று எழுதினால் ஒற்று இரட்டித்து ஒரு மாத்திரை கூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒலியை எழுதத் தமிழில் வழியில்லை. 'ஜ', 'ஸ', 'ஹ' இருப்பதால் ஓரளவு சமாளிக்கலாம், முழுவதும் முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதிய வரிகளில் வேறு சிக்கல், நெடிலைச் சிலர் குறிக்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து முறையின் 46 எழுத்துகளைக் கற்றுவிடுவதே நேர்வழி. கரோக்கித் திரையில் கான்ஜி என்ற கடினமான சீன வழி எழுத்துகளுக்கு மேல் சிறிய ஒலியெழுத்து பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். ஓர் எழுத்து என்றால் ஏறத்தாழ ஒரு மாத்திரை என்பதால், அதைப் படிப்பதே தாளத்தைப் படிப்பதாகும். பேச்சில் விழுங்கப்படுகிற உயிரொலியும் பாட்டில் தன் சுரத்தைப் பெற்று முழுதாக ஒலிக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

சுருதியை இறக்கிப் பாடுவது ஏமாற்றுவேலை என்று நினைப்பவர்கள் உண்டு. கரோக்கி பிறந்த கதையே இதற்குப் பதில். கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர் இனோவே தாய்சுகே. பாடுகிறவரின் குரலுக்கும் பிசகுக்கும் ஏற்பச் சுருதியையும் வேகத்தையும் மாற்றி வாசிப்பதே அவர் தொழில். வெளியூர்ப் பயணத்துக்குக் கூட வரச் சொன்ன ஒரு வாடிக்கையாளரோடு போக முடியாமல், அவருக்கேற்றபடி வாசித்துப் பதிவு செய்த நாடாவைக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து 1971-ல் 11 இயந்திரங்களைச் செய்து வாடகைக்கு விட்டார். அவருக்கு முன்பே 1967-ல் நெகிஷி ஷிகேயிச்சி இதுபோன்ற கருவி ஒன்றைச் செய்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இனோவே காப்புரிமை எடுக்கவில்லை. பாட்டுக்குப் பாடகரை வளைக்காமல் பாடகருக்குப் பாட்டை வளைப்பதற்காகவே வந்த கருவி அது. அதன் சுருதிப் பொத்தானைத் தொடக் கூச்சப்பட எந்தக் காரணமும் இல்லை.

நம் மேடைப் பாடகர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. ஒரு தடவை அழுத்தினால் அரைச் சுரம், ஆர்மோனியத்தில் அரைக் கட்டை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் அங்கே ஓர் அழுத்தத்துக்கு ஒரு முழுக் கட்டை நகரும். பெண்குரல் பாட்டை ஆண் எடுத்தால் நாலைந்து படி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். எத்தனை படி என்பதை அறைக்குப் போய்த் தேடுவதைவிட, வீட்டில் கைபேசிச் செயலியில் ட்ராக்கை வைத்து, பாட்டின் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் மட்டும் முதலில் பாடிப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டும் வசதியாக வந்தால் நடுவில் உள்ளவை தாமாக வரும். அந்த இரண்டு இடங்களும் எந்தப் படியிலும் ஒன்றாக வராவிட்டால், எவ்வளவு மெதுவான பாட்டாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்த பாட்டைப் பார்க்கலாம்.